காற்றுச் சாப்பாடு

1

போன வாரம் இரண்டாவது மூட்டையும் வந்து சேர்ந்துவிட்டது. நாகப்பட்டினத்திலிருந்து வந்த கப்பலில், வெங்காயச் சிப்பங்களுக்கும் ஆட்டு மந்தைக்கும் நடுவில், என் பெயர் எழுதிய ஒரு சாக்கு. உள்ளே புழுங்கலரிசி. அனுப்பியவன் என் தம்பி கலியபெருமாள்.

சிங்கப்பூரில் நான் என்ன உத்தியோகம் பார்க்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அரிசிக் கிட்டங்கியில் கணக்கர். ரங்கூன் அரிசியும் சயாம் அரிசியும் கூரை முட்ட அடுக்கியிருக்கும் கிட்டங்கியின் நடுவில்தான் என் நாற்காலி. அதில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கடல் தாண்டி ஊரிலிருந்து ஒரு மூட்டை அரிசி வருகிறது. அதை இறக்கிய கூலியாட்கள் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்கள். அந்த மரியாதைக்கு அவர்களுக்கு என் நன்றி.

ஊரில் என்ன பேச்சு என்பது எனக்குத் தெரியும். ‘பாவம், அங்கே காற்றைச் சாப்பிட்டு உயிர் வாழ்கிறான்’ என்று கடைத்தெருவில் பேசிக்கொள்கிறார்களாம். இந்தப் பத்திரிகை நம் ஊரில் நாலைந்து வீடுகளுக்காவது வருகிறது. ஆகவே நடந்ததை நடந்தபடி இங்கேயே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கூடவே தேகப்பயிற்சியைப் பற்றியும் பத்தியத்தைப் பற்றியும் நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். உங்களுக்கு இலவசம். எனக்கு அப்படிக் கிடைக்கவில்லை.

2

எல்லாவற்றுக்கும் காரணம் என் தொந்தி. அதை நான் ஒரே நாளில் வளர்க்கவில்லை. கப்பலிலிருந்து இறங்கியபோது எனக்கு விலா எலும்பு தெரியும். பிறகு உத்தியோகம் நிலைத்தது, வெள்ளைச் சட்டை வந்தது, பித்தான்கள் ஒவ்வொன்றாக இறுகத் தொடங்கின. சயாம் வெள்ளையரிசியில் மூன்று வேளையும் சோறு. புழுங்கலரிசி எங்கள் கிட்டங்கியில் மலைபோல் கிடந்தாலும் அது தோட்டக் கூலிகளுக்குப் போவது. உத்தியோகஸ்தன் வீட்டுக்கு அந்தச் சாக்கு போனால் நாங்கள் குடியிருக்கும் சிராங்கூன் சாலை முழுவதும் பார்க்குமே என்ற பயம் எனக்கு. வேலைக்குப் போகவர ரிக்‌ஷா. ரிக்‌ஷா தேகத்துக்கு மிகவும் நல்லது, இழுக்கிறவனுடைய தேகத்துக்கு.

தொந்தி நன்றாக வந்த வருடம் படக்கடையில் ஒரு படம் எடுத்து ஊருக்கு அனுப்பினேன். தம்பி அதைக் கூடத்தில் மாட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினானாம். ஊரில் அது செழிப்பு. இங்கேயும் அப்படித்தான் இருந்தது, புதிய மேலாளர் துரை வரும்வரை.

அந்தத் துரை விடியற்காலையில் எழுந்து கடற்கரையோரம் ஓடுகிறவர். துரத்துகிறவர்கள் யாரும் கிடையாது, தானாகவே ஓடுவார். அப்படிப்பட்ட மனிதருக்குக் கீழே வேலை பார்ப்பதில் உள்ள ஆபத்து எனக்கு உறைக்கவில்லை. ஒரு நாள் உத்தரவு வந்தது. கிட்டங்கியில் மாடி ஏறி இறங்க வேண்டிய அத்தனை பேரும் டாக்டரிடம் உடம்பைக் காட்ட வேண்டும். தேறாதவர்களுக்கு மூன்று மாதத் தவணை. அதற்குப் பிறகும் தேறாவிட்டால் கணக்கைத் தீர்த்துக் கப்பலேற்றிவிடுவார்கள்.

கப்பலேறினால் எங்கே போவது? தம்பி வீட்டுக்குத்தான். இத்தனை வருடம் பெட்டி பெட்டியாகச் சாமான் அனுப்பியவன், ஒரு தொந்தியைத் தூக்கிக்கொண்டு அவன் கூடத்தில், அந்தப் படத்துக்கு நேர் கீழே போய் உட்கார வேண்டும். அதை நினைத்து அன்றிரவு சோற்றைத் தொடாமல் எழுந்துவிட்டேன். அந்த வயிற்றுக்கு அது புதிய அனுபவம்.

டாக்டர் வெள்ளைக்காரர். எனக்குக் கிட்டங்கி அளவுக்கு ஆங்கிலம் வரும். ஆனால் இங்கே ஒரு வழக்கம் உண்டு. கறுத்த முகத்தைக் கண்டால் துரைமார்களுக்கு மலாய் வந்துவிடும். என் தொந்தியை இரண்டு விரலால் தட்டி, “பெசார்” என்றார். பெரியது என்று அர்த்தம். ஊரில் ஒருவர் அதைச் சொல்லியிருந்தால் வெற்றிலை பாக்கு கொடுத்திருப்பேன். அடுத்து மாடிப்படியில் ஏறி இறங்கச் சொன்னார். இறங்கி வந்து நான் மூச்சு வாங்கிய சத்தத்தில் அடுத்த அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். டாக்டர் தலையை ஆட்டிவிட்டு, “ஹரி ஹரி மக்கான் ஆங்கின்” என்று சொல்லி என்னை அனுப்பிவிட்டார்.

‘ஹரி ஹரி’ என்றால் தினந்தோறும். ‘மக்கான்’ என்றால் சாப்பிடு. ‘ஆங்கின்’ என்றால் காற்று. ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் யாரையாவது கேட்டிருப்பேன்.

3

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி தனலட்சுமி கேட்டாள்.

“டாக்டரு என்னங்க சொன்னாரு?”

“தினமும் காத்தைச் சாப்பிடச் சொன்னார்.”

“தொட்டுக்க?” என்றாள்.

அவளுக்கு நான் விளக்கினேன். நம் சித்தர்கள் காற்றையே ஆகாரமாகக் கொண்டு வருஷக்கணக்கில் இருக்கவில்லையா? அந்த ரகசியம் எப்படியோ சீமைக்குப் போய், மலாய் வேஷத்தில் திரும்பி வந்திருக்கிறது. அதுவும் அந்த டாக்டர் வாயில் ஹரி நாமம் இரண்டு முறை வந்ததில் எனக்கு ஒரு பக்தியே ஏற்பட்டுவிட்டது. நாங்கள் சிவனைக் கும்பிடுகிறவர்கள்தான், ஆனாலும் மருந்து விஷயத்தில் பேதம் பார்க்கலாகாது.

இங்கே எங்கள் வீட்டுச் சட்டம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வாசல்படிக்குள்ளே மலாய் கூடாது. சட்டம் போட்டவன் நான். எங்கள் ஒரே பெண் மீனா இங்கேயே பிறந்தவள், ஒன்பது வயது. பக்கத்து வீட்டு மலாய்க் குழந்தைகளோடு தெருவிலேயே வளர்கிறாள். சண்டை மலாயில், சமாதானம் மலாயில். தமிழில் பேச வரும்போது மட்டும் விருந்தாளிபோல் நின்று சொல் தேடுவாள். இப்படியே போனால் பெண் கையை விட்டுப் போய்விடுவாள் என்றுதான் சட்டம். அந்தச் சட்டத்தை நானும் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். டாக்டர் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கித்தான் வீட்டுக்குள் கொண்டுபோனேன். அசலை யாரும் கேட்கவில்லை. வீட்டில் இருந்த ஒரே மலாய்ப் பண்டிதை, அப்பா தமிழில் ஏதோ பெரிய விஷயம் பேசுகிறார் என்று பயபக்தியோடு ஒதுங்கி நின்றாள்.

மறுநாளே பத்தியம் தொடங்கியது. மதியம் ஒரு கிண்ணம் வெள்ளையரிசிக் கஞ்சி. காலையும் மாலையும் காற்று. மாடி ஜன்னல் பக்கம் சப்பணமிட்டு உட்கார்ந்து, வாயைத் திறந்து இழுத்து விழுங்குவேன். எங்கள் ஜன்னலுக்கு வரும் காற்று மாட்டுக் கொட்டகைகளைத் தாண்டித்தான் வரும். ஆகையால் அதில் சத்துக்குக் குறைவிருக்காது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

4

ஆகாரம் இப்படி என்றால், பயிற்சிக்குக் குரு சவரிமுத்து. என்னோடு கணக்கு எழுதுகிறவர், காரைக்கால் பக்கம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில், மற்ற நாட்களில் தேகப்பயிற்சி என்று வாழ்கிறவர். சீமையிலிருந்து ஒரு ஜோடி இரும்புக் குண்டுகளும் நெஞ்சை விரிக்கும் ஒரு ரப்பர் வாரும் தருவித்திருந்தார். புதிது வந்ததும் பழைய குண்டுகளை எனக்குக் கொடுத்துவிட்டார்.

“அண்ணே, ரெண்டு கையிலயும் பிடிச்சுத் தூக்குங்க. மூச்ச மட்டும் அடக்காதீங்க.”

“மூச்சுதானப்பா என் சாப்பாடே. அத அடக்குவேனா?”

அவர் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார். முதல் வாரம் குண்டு மேலே போயிற்று. இரண்டாம் வாரம் தோள்வரை போயிற்று. பிறகு நான்தான் குண்டு இருக்கும் இடத்துக்குக் கீழே போனேன். இப்போது அவை தனலட்சுமியிடம் இருக்கின்றன. ஊறுகாய் ஜாடி மூடியின் மேல் ஒன்று, காற்றில் அடித்துக்கொள்ளும் கதவுக்கு ஒன்று. இரண்டும் நல்ல கட்டுடலோடு இருக்கின்றன.

தேகப்பயிற்சியில் இறங்க நினைக்கும் அன்பர்களுக்கு என் யோசனைகளை இங்கே சொல்லிவிடுகிறேன். ஒரு ஜோடி செருப்பு தேய்வதற்கு முன் இரும்பு வாங்காதீர்கள். வெறும் வயிற்றில் பாரம் தூக்காதீர்கள், வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடும் தூக்காதீர்கள். பட்டினி கிடந்தால் தொந்தி கரையும் என்று நம்புகிறவர்கள் என்னிடம் வரவும். முதலில் கை போகும், பிறகு தொடை போகும், பிறகு மனைவியோடு பேச்சுவார்த்தை போகும். தொந்தி எல்லாரையும் வழியனுப்பிவிட்டுக் கடைசியாகத்தான் கிளம்பும். நடையின் வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. பக்கத்தில் வருகிறவரோடு சண்டை போட மூச்சு மிச்சம் இருக்க வேண்டும், பாட்டுப் பாட இருக்கக் கூடாது. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

5

இந்த நிலையில்தான் ரத்தின மாமா வந்தார். என் மனைவிக்குத் தாய்மாமன். கைலியும் துண்டும் ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்வருகிற வியாபாரி. ஊருக்கும் எங்களுக்கும் நடுவில் தந்திக்கம்பி அவர்தான். தந்தியாவது எழுதியதை மட்டும் கொண்டுபோகும்.

கூடத்துப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வந்தவர் என்னைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“என்ன மாப்ளே, இப்படி எளச்சிட்டீங்க?”

“பத்தியம் மாமா.”

இலை போட்டார்கள். அவருக்கு மீனும் சோறும். எனக்கு எதிரே ஒரு டம்ளர் தண்ணீர்.

“நீங்க சாப்பிடலியா?”

“நான் ராத்திரியில காத்துதான் சாப்பிடறது” என்றேன். அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னதாக ஞாபகம்.

மாமா கையில் எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டார். தனலட்சுமியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மூன்று வாரமாக என்னோடு சண்டை போட்டு ஓய்ந்து போயிருந்தாள், அவ்வளவுதான். மாமா அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டார். மேலே ஒன்றும் கேட்கவில்லை. போகும்போது மட்டும் என் தோளைத் தொட்டு, “ஆண்டவன் இருக்கான் மாப்ளே” என்றார். சித்தர் மார்க்கத்தை மாமாவும் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

அடுத்த கப்பலில் அவர் ஊருக்குப் போனார். நான் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் அங்கே சொன்னாராம்.

6

மாமா போன பிறகு கால் வீங்கத் தொடங்கியது. காலையில் செருப்பு நுழையும், சாயங்காலம் நுழையாது. மாடிப்படியில் பாதியிலேயே நெஞ்சு படபடக்கும். ஒரு நாள் சவரிமுத்து என் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. அவர் முகம் மாறிவிட்டது.

“அண்ணே, இது பெரிபெரி மாதிரி இருக்கு. துறைமுகத்துச் சீனக் கூலிங்களுக்கு வருதே, அது. ஒரு டாக்டரு ஈர வீட்டால வருதுங்கிறாரு. இன்னொருத்தரு வெள்ளரிசியாலங்கிறாரு. புழுங்கலரிசி திங்கிற நம்ம தோட்டத்து ஆளுங்களுக்கு இது வர்றதில்லயாம். பேசாம ஒரு மூட்ட எடுத்துட்டுப் போங்க.”

எடுத்திருக்கலாம். நாற்காலியை விட்டு எழுந்தால் கைக்கெட்டும் தூரம்தான். ஆனால் கணக்கர் வீட்டுக்குக் கூலிச் சாக்கு போயிற்று என்று நாளைக்குத் தெருவில் பேசுவார்களே. உயிர் பெரிதா, தெரு பெரிதா என்று பார்த்தேன். அன்றைக்குத் தெருதான் பெரிதாகத் தெரிந்தது. வெள்ளையரிசிக் கஞ்சியையே குடித்துக்கொண்டு, தவணை நாளை நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம். நான் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். மீனா தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு வெளியே கிளம்பினாள். பக்கத்து வீட்டு மலாய் அம்மாள், எங்கே போகிறாய் என்று அவள் பாஷையில் கேட்டாள். தெருவில் கால் வைத்தபடியே என் பெண் பதில் சொன்னாள்.

“மக்கான் ஆங்கின்.”

எனக்குப் பகீரென்றது. எழுந்து ஓடினேன், அதாவது எழுந்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“நீயும் காத்தைச் சாப்பிடறியா? உனக்கு யாரு சொன்னா? இன்னிக்கிச் சோறு தின்னியா இல்லியா?”

மீனா திகைத்துவிட்டாள். “சோறு தின்னேன்ப்பா. சும்மா நடக்கப் போறேன்.”

“மக்கான் ஆங்கின்னு சொன்னியே.”

“அதான்ப்பா. மக்கான் ஆங்கின்னா சாயங்காலம் வெளியில நடந்துட்டு வர்றது.” பிறகு நான் வாசல்படிக்கு வெளியே நிற்கிறேனா என்று பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டு, மலாய் வால் ஒன்றையும் ஒட்டிச் சேர்த்தாள். “சாப்பிடறது இல்ல லா.”

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் என்னை நடக்கச் சொல்லியிருக்கிறார். இத்தனை நாளும் நான் உட்கார்ந்த இடத்தில் வாயைத் திறந்துகொண்டிருந்திருக்கிறேன். உள்ளே போய் மனைவியிடம் சொன்னேன். அவள் முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு உலையில் அரிசி போட்டாள்.

அன்றிரவு வெள்ளையரிசிச் சோறு வயிறு நிறையச் சாப்பிட்டேன். மறுநாளிலிருந்து மீனாவோடு நடந்தேன். ஆனால் கால் வீக்கம் வடியவில்லை. தெருக்கோடி வரை போவதற்குள் நெஞ்சு அடித்துக்கொள்ளும். கப்பல் என் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது.

7

கப்பல் வரத்தான் செய்தது. என்னை ஏற்றிப் போக அல்ல, தம்பியின் முதல் மூட்டையை இறக்க.

அப்போது எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அரிசிக் கிட்டங்கிக் கணக்கனுக்கு அரிசி. யாரோ என்னைப் பிச்சைக்காரன் ஆக்கியிருக்கிறார்கள் என்பது மட்டும் புரிந்தது. ஆனால் தனலட்சுமி மூட்டையைப் பிரித்து ஒரு கை அள்ளி, “நம்ம ஊரு அரிசிங்க” என்றாள். அந்த ஒரு வார்த்தையில் என் கஷ்டம் தீர்ந்தது. கூலி அரிசி என்றால்தான் கௌரவக் குறைச்சல். ஊரிலிருந்து கப்பலில் வந்த அரிசி என்றால் அது அந்தஸ்து. ஒரே அரிசிதான், இரண்டு பெயர். அக்கம்பக்கத்தில் இரண்டு வீட்டுக்கு ஒவ்வொரு படி கொடுத்து அந்தஸ்தை உறுதிப்படுத்திக்கொண்டோம்.

மூன்று வேளையும் அந்தச் சோறு. கூடக் கீரை, பயறு, மீன். சாயங்காலம் நடை. முதலில் தெருக்கோடி வரை, பிறகு பீச் ரோடு வரை, பிறகு பாடாங் திடல் வரை. அங்கே துரைமார்கள் குதிரை வண்டியில் உட்கார்ந்து கடலோரம் சுற்றிவருவார்கள். அவர்கள் சாப்பிடுவதும் நாங்கள் சாப்பிடுவதும் ஒரே காற்றுதான். எங்கள் பங்கை நாங்கள் நடந்து சம்பாதிக்கிறோம்.

கால் வடிந்தது. காரணம் அரிசியா, நடையா, மாரியம்மனுக்கு என் மனைவி நேர்ந்துகொண்ட விளக்கா என்று டாக்டர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும்.

தவணை நாள் வந்தது. டாக்டர் என் காலை அழுத்தினார். குழி விழவில்லை. தொந்தியைத் தட்டினார். அது இன்னும் இருந்தது, ஆனால் அடக்க ஒடுக்கமாக இருந்தது. மாடிப்படி ஏறி இறங்கி வந்து, வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

“மக்கான் ஆங்கின்?” என்று கேட்டார்.

“ஹரி ஹரி, துவான்” என்றேன். துவான் என்றால் ஐயா. இந்தத் தடவை பக்தி உண்மையாகவே இருந்தது.

சான்று கிடைத்தது. அதில் என் பெயர் இல்லை. நான் சதாசிவம், என் தகப்பனார் முத்துக்குமாரசாமி. நம் வழக்கப்படி அவர் பெயரை முன்னால் எழுதி என் பெயரைப் பின்னால் எழுதியிருந்தேன். ஆபீசில் முன்னால் இருப்பதை எடுத்துக்கொண்டு பின்னால் இருப்பதை வெட்டிவிட்டார்கள். ஆக, காலமாகிப் பல வருடமான என் தகப்பனார், மாடிப்படி ஏறி இறங்கத் தகுந்த திடகாத்திரமானவர் என்று சிங்கப்பூரில் ஒரு டாக்டர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். திருத்தித் தரச் சொல்லிப் போனேன். சம்பளப் பட்டியலிலும் முத்துக்குமாரசாமிதான் இருக்கிறார், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். அப்பா செத்தும் என்னைக் காப்பாற்றிவிட்டார் என்று தேற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

8

ஆகவே நான் பட்டினி கிடக்கவில்லை, தம்பி மூட்டை அனுப்ப வேண்டாம், இதுவே அறிவிப்பு என்று எழுதி முடிக்கத்தான் இதைத் தொடங்கினேன். இரண்டாவது மூட்டையோடு ரத்தின மாமாவும் வந்திறங்கினார். அவரைப் பிடித்து நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றிருந்தேன். அவர் என் கன்னத்தைப் பார்த்துவிட்டு, நான் வாயைத் திறக்கும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டார்.

“தம்பி அரிசி ஒத்துக்கிச்சு போலருக்கே மாப்ளே. ஒங்க தம்பிய நீங்க பாக்கணுமே. மூட்டைய வண்டியில ஏத்தவே விடல. தோள்ல தூக்கிட்டு துறைமுகம் வரைக்கும் அவனே நடந்தான். வழியில யாரு கேட்டாலும் நின்னு சொல்றான், சிங்கப்பூர்ல இருக்கிற அண்ணனுக்கு நாந்தான் அரிசி அனுப்புறேன்னு.”

கேட்க வைத்திருந்த நாலு வார்த்தையையும் விட்டுவிட்டு மாமாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன். நான் அனுப்பும் குடையையும் பிஸ்கட் டப்பாவையும் வேட்டியையும் கலியபெருமாள் இத்தனை வருடமாகத் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டிருக்கிறான். வாங்குவதே அவன் வேலை என்று நானும் இருந்துவிட்டேன். அவனுக்கும் கொடுக்க ஆசை இருக்கும் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. எந்தப் படத்தின் கீழே போய் உட்கார நான் அவ்வளவு பயந்தேனோ, அதன் கீழேதான் அவன் இத்தனை காலமும் உட்கார்ந்திருக்கிறான். மாமா முன்னால் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்றாம் மூட்டையும் தேவைப்படுகிறது என்று அவர் எடுத்துக்கொண்டிருப்பார். எடுத்துக்கொள்ளட்டும்.

தனலட்சுமிதான், “வேணாம்னு தம்பிக்கு எழுதிடுங்க, பாவம்” என்றாள். எழுதப்போவதில்லை. தம்பிக்குப் பத்திரிகை படிக்கிற வழக்கம் கிடையாது. யாராவது படித்துச் சொன்னால்தான் உண்டு. ஆகையால் நம் ஊரில் இதைப் படிக்கும் நாலைந்து வீட்டுக்காரர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பயிற்சி யோசனைகளை அவனுக்குச் சொல்லுங்கள், மற்றதைச் சொல்ல வேண்டாம். அண்ணன் எப்படி இருக்கிறான் என்று அவன் கேட்டால், இன்னும் காற்றைத்தான் சாப்பிடுகிறான் என்று சொல்லுங்கள். பொய் சொன்ன பாவம் உங்களுக்கு வராது. இன்று சாயங்காலமும் மீனாவோடு போய்ச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.